ரஷ்யாவில் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் தவிர ஒரு சின்ன ஊர் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

சோல்விசெகோத்ஸ்க். இந்தப் பெயர் வாயில் நுழைய எனக்கே ஒரு வாரம் ஆனது. விசெக்தா என்ற ஆற்றங்கரையில் உப்பு எடுத்த ஊர், அதுதான் பெயர்க் காரணம். ஆர்க்காங்கெல்ஸ்க் மாகாணம், கோட்லாஸ் நகருக்குப் பக்கம். மூவாயிரம் பேர்கூட இல்லை.

ரஷ்ய நாவல் ஏதோ படித்துவிட்டு, பனியும் மரவீடும் பார்க்கும் ஆசையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆர்க்காங்கெல்ஸ்கில் மருத்துவம் படித்தபோது எனக்கும் அதே ஆசைதான். மூன்றாம் வருடம், பிப்ரவரி மாதம், தனியாகக் கிளம்பினேன். "அங்கே என்னடா இருக்கு?" என்று அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

சோல்விசெகோத்ஸ்க் என்றே டிக்கெட் எடுத்து, அதே பெயர்ப் பலகை இருந்த நிலையத்தில் இறங்கினேன். ஊரைக் காணோம். நிலையத்துக்குத்தான் அந்தப் பெயர், ஊர் ஆற்றுக்கு அக்கரையில். கோடையில் படகுப் பாலம் மாதிரி ஒரு ஃபெர்ரி, குளிர்காலத்தில் உறைந்த ஆறுதான் சாலை. வேன் பனிக்கட்டிமேல் ஏறும் முன் டிரைவர் திரும்பி, "சீட் பெல்ட்டைக் கழற்று" என்றார். எதற்கு என்று கேட்டேன். "உடைந்தால் குதிக்க வேண்டாமா?" என்றார், சாதாரணமாக.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊர் உப்பளத்தில், பாத்தியில் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால் மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். அங்கே வெயிலுக்கு எங்கே போவது? மரத்தைக் குடைந்து குழாயாக்கி மண்ணுக்குள் இறக்கி, உப்புநீரை மேலே எடுத்து, பெரிய இரும்புத் தட்டில் விறகு எரித்துக் காய்ச்சியிருக்கிறார்கள். அந்த உப்பில்தான் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்த்ரோகனோவ் குடும்பம் பெரும் பணக்காரர்கள் ஆனது. பின்னாளில் யெர்மாக் என்ற கொசாக் படைத்தலைவன் சைபீரியாவுக்குள் படையோடு போனபோது பின்னால் நின்றதும் அந்தக் குடும்பம்தான். 1560-இல் அவர்கள் கட்டத் தொடங்கிய பேராலயம் இன்றும் நிற்கிறது. சுவரின் கனத்தைப் பார்த்தால் கோயிலா கஜானாவா என்று சந்தேகம் வரும். அப்புறம் வேறு இடங்களில் மலிவான உப்பு கிடைத்தது, ஊர் அப்படியே சுருங்கிவிட்டது.

ஆனால் உப்புநீர் போகவில்லை. இப்போது அது சானடோரியத்துக்கு, அதாவது தங்கிச் சிகிச்சை எடுக்கும் விடுதிக்கு. சொலோனிகா என்ற ஏரியின் கருஞ்சேற்றை மூட்டுவலிக்காரர்களுக்குப் பூசுகிறார்கள், அழுகிய முட்டை வாடை. ஊற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்தேன். கடல் தண்ணீரேதான். இதெல்லாம் நிஜமாகவே குணமாக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். சும்மாவே "ரஷ்யா டாக்டரா?" என்று இளிப்பவர்கள் உண்டு. ஆறு வருடம் படித்து, ஊர் திரும்பி, தகுதித் தேர்வும் எழுதித் தேறியவன் நான். போன மாதம் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, "அங்கே காசு கொடுத்தா பாஸ் போடுவாங்களாமே?" என்றார் ஒருவர். சரி, அதை விடுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் பெயர் ஸ்டாலின். அப்பா பழைய தோழர், அவர் வைத்த பெயர். நான் அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். அசல் ஸ்டாலினை 1909-இல் ஜார் அரசு நாடுகடத்தியது இந்த ஊருக்குத்தான். சில மாதத்திலேயே தப்பி ஓடினார். மறுபடி பிடித்து, 1910-இல் திரும்ப இங்கேயே கொண்டுவந்து விட்டார்கள். அவர் தங்கிய மரவீடு இப்போது அருங்காட்சியகம். மாணவர் சலுகைக்காக அடையாள அட்டையை நீட்டினேன். டிக்கெட் கொடுத்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பெயரை இரண்டு முறை படித்தார். என் கறுத்த முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்:

"போன தடவை சொல்லாமல் ஓடிவிட்டாய். இந்தத் தடவை போகும்போது சொல்லிவிட்டுப் போ."

கோடையில் போனால் கொசு பிய்த்துவிடும், மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டைக் கோட்லாஸுக்கே எடுங்கள்.