பச்சைக் குழந்தையைப் படம் எடுக்க ஸ்டூடியோ பாணி நல்லதா, வீட்டிலேயே இயல்பாக எடுப்பது நல்லதா?

குழந்தை பிறந்து எட்டு நாள் ஆகிறது, கூடைக்குள் சுருட்டிப் படுக்கவைக்கும் ஸ்டூடியோ படமா, வீட்டில் எடுக்கும் இயல்பான படமா என்று வீட்டில் வாக்குவாதம் என எழுதியிருக்கிறீர்கள். தலைப்பிரசவம், அம்மா வீடு, பால் கொடுக்க விழித்திருக்கும் நேரமெல்லாம் கைப்பேசியில் தொப்பி போட்ட குழந்தைகள் என்று ஊகிக்கிறேன். 2019 மே மாதம் வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் நானும் அப்படித்தான் கிடந்தேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடை, கம்பளி, தவளை போல் கைகளில் தாடையை ஊன்றிய கோலம் இவையெல்லாம் வேண்டுமென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அப்போதுதான் குழந்தை அசந்து தூங்கும். வயிற்றில் இருந்த வாக்கிலேயே உடம்பு சுருளும். பிறகு கை காலை உதறத் தொடங்கிவிடும், முகத்தில் பொரிப்பொரியாக வரும், சாயங்காலமானால் வீறிடும். வீட்டில் எடுப்பதற்கு இந்த அவசரம் கிடையாது. இன்னொன்று, அந்தத் தவளைக் கோலத்தை நீங்களாக முயலவே வேண்டாம். அது ஒரே படம் அல்ல. ஒன்றில் உதவியாளர் தலையைத் தாங்கியிருப்பார், மற்றொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் சேர்த்து, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். இது தெரியாமல் என் கணவர் தலையணை மேல் முயலப்போய் ஆயாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். வேலைக்கு வைத்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.)

என் விருப்பம் முதலில் வீட்டில் எடுப்பதாகத்தான் இருந்தது. தொலைபேசியில் நன்றாகப் பேசிக்கொண்டே வந்த புகைப்படக்காரர் ஒருவர், முகவரி சொன்னதும் சற்று நேரம் மௌனமானார். "அந்தப் பக்கமெல்லாம் நாங்கள் வருவதில்லை மேடம்" என்றார். அடுத்தவர் போக்குவரத்துக்கென்று தனியாக மூவாயிரம் கேட்டார். மூன்றாமவர் திரும்ப அழைக்கவே இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் எங்கள் பக்கத்து ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த 2019 பிப்ரவரியில்தான் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோவும் வந்திருந்தது. கேமராப் பைக்கு மட்டும் வழி தெரியவில்லை. இது படக்காரர்களோடு நிற்கவும் இல்லை. எனக்கு வரன் பார்த்தபோது ஒரு குடும்பம் ஜாதகம் பொருந்தியும் "பகுதிதான் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது" என்றது. வேலைக்கான நேர்காணலில் ஒருவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்ப பயமாக இருக்காதா என்று கேட்டார். நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில்தான் இரவு வீடு திரும்புகிறேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியில் தென்சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்கு நாங்களே போனோம். அறுவைப் பிரசவமாகிப் பதினோராம் நாள். "பச்சை உடம்புக்காரியை எங்கே இழுத்துக்கொண்டு போகிறீர்கள்?" என்று ஆயா வாசல் வரை வந்து கத்தினார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று காய வேண்டிய வழி இல்லாவிட்டாலும், காரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தையலைப் பிடித்துக்கொண்டேன். அங்கே போனால், குழந்தைக்குக் கதகதப்பு வேண்டும் என்று ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டர் போட்டிருக்கிறார்கள். சென்னையில், மே மாதத்தில். மூன்றரை மணி நேரம். வெள்ளைக் கம்பளியை இரண்டு முறை நனைத்தது ஒன்றுதான் என் மகள் தன் விருப்பப்படி செய்தது.

ஸ்டூடியோ நடத்துபவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கை கழுவினார், பொறுமையாக இருந்தார், குழந்தையைப் பூப்போலத் தொட்டார். குறை அதிலில்லை. மூன்று வாரம் கழித்துப் படங்கள் வந்தன. என் மகள் அவள் அப்பா நிறம், நல்ல கருப்பு. படத்தில் கோதுமை மாவில் பிசைந்த குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சித்தி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இது யார் குழந்தை?" என்றார். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

நிறத்தையாவது மன்னித்திருப்பேன். அவள் முதுகின் அடியில், இடுப்புக்குச் சற்று மேலே, நாவல்பழம் நசுங்கிய கறைபோல ஒரு திட்டு இருந்தது. நம் குழந்தைகளுக்கு இது சகஜம், சில வருடங்களில் தானே மறைந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குப்புறப் படுத்த படத்தில் அது இல்லை. கன்னத்தில் ஆயா வைத்த திருஷ்டிப் பொட்டும் இல்லை. கேட்டேன். "எல்லாரும் சுத்தம் செய்துதான் கேட்பார்கள் மேடம்" என்று பதில் வந்தது. பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு இதற்கெல்லாம் அழுவதா என்று நீங்களும் எழுதலாம். எழுதிக்கொள்ளுங்கள்.

2023இல் மகன் பிறந்தபோது, கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் எங்கள் தெருத் தம்பி ஒருவனைக் கூப்பிட்டோம். எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு மூன்றடியில் எதிர்வீட்டுச் சுவர். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு டியூப்லைட்டை அணைத்தான், இரண்டு வெளிச்சம் கலந்தால் தோல் பச்சையடிக்குமாம். மொட்டை மாடிக் கதவைத் திறந்து, நிலைப்படிக்கு உள்ளே பாயை விரித்து, குழந்தையின் தலை வாசல் பக்கம் வருமாறு கிடத்தினான். காலடியிலிருந்து வெளிச்சம் வந்தால் மூக்கின் நிழல் நெற்றியில் ஏறி முகம் விகாரமாகிவிடும் என்றான்.

எனக்குப் பிடித்தது அங்கே எடுத்தது அல்ல. கீழே அடிபம்பு ஓரம் ஆயா மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றும் படம். முழங்கால் வரை புடவை நனைந்திருக்கிறது, பச்சை குத்திய கை முதுகில் இருக்கிறது, அந்தக் கையின் ஓரத்தில் இவனுக்கும் அதே நீலத் திட்டு. பின்னால் நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று தெரிகிறது. அதை அழித்துவிடட்டுமா என்று தம்பி கேட்டான். எதிலும் கை வைக்காதே என்றேன்.

ஆகவே எந்தப் பாணியானாலும் எடுங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் நிறத்தையும் மச்சத்தையும் தொடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் மகள் தன் தம்பியின் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டாள். அவளுடைய திட்டு மறைந்து வருடங்களாகிவிட்டன. பழைய கைப்பேசியைத் தேடியதில், ஸ்டூடியோவுக்குக் கிளம்பிய அன்று காலை அம்மா எடுத்த படம் ஒன்று கிடைத்தது. மங்கல், மூலையில் அம்மாவின் விரல். ஆனால் திட்டு தெரிகிறது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டுமா அக்கா?" என்றார்.