டிராகன்கள் இணை சேராமலே முட்டையிடுமா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் தொடரைப் பற்றிய கேள்வி இது. கதையில் முடிவான விடை கிடையாது. 2005-இல் வந்த நான்காம் பாகத்தில் முதியவர் ஏமன், டிராகன்கள் ஆணுமல்ல பெண்ணுமல்ல, தீச்சுடர்போல மாறிக்கொண்டே இருப்பவை என்கிறார். பாலினம் மாறும் என்ற ரசிகர்களின் ஊகம் இதில் பிறந்ததுதான்.

எனக்குப் பிடித்தது, நிஜ உலகின் ராட்சதப் பல்லியான கொமோடோ டிராகனின் வழி. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சி சாலையில் ஆண் துணையே இல்லாமல் ஒரு கொமோடோ இட்ட முட்டைகளில் கரு வளர்ந்ததை 2006-இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். ஆனால் இப்படிப் பிறப்பவை எல்லாம் ஆண்களே. தாயின் பாலினக் குரோமோசோம்கள் இசட், டபிள்யூ. இரண்டு டபிள்யூ சேர்ந்தால் கரு பிழைக்காது, இரண்டு இசட் சேர்ந்தால் ஆண்.

சென்னைவாசி என்றால் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் ஒருமுறை பாருங்கள். முதலைகளில் பாலினத்தைத் தீர்மானிப்பது முட்டை இருக்கும் வெப்பம். சதுப்புநில முதலையின் முட்டை சுமார் 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பெண்ணாகும், 32.5 டிகிரியை ஒட்டி ஆணாகும். மார்ட்டினின் கதையில் டேனேரிஸ் என்ற இளவரசி சிதைத்தீயில் பொரிக்கவைத்த மூன்று டிராகன் குஞ்சுகளுக்கு இந்தக் கணக்கைப் போட முடியாது, வெப்பமானி உருகிவிடும்!