ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் தன் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குகளை ஒன்றாக்கிவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், சிப்பாயாகச் சேர்ந்து நாற்பது வயதையொட்டி வெளியே வந்தவர், அதற்குப் பிறகு இரண்டு மூன்று கம்பெனி மாறியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். 2015-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன்.

பட்டாளத்தில் பிடித்த பி.எஃப். டிஸ்சார்ஜோடு முடிந்துபோன கணக்கு. கிராஜுவிட்டி, கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டி மொத்தமாக வாங்குவது) பணத்தோடு அதுவும் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதை இ.பி.எஃப்.-க்குள், அதாவது கம்பெனி வேலையில் பிடிக்கிற பி.எஃப்.-க்குள், கொண்டுபோக வழி இல்லை. ஒன்றாக்குகிற பேச்சே வெளியே பார்த்த வேலைகளின் இ.பி.எஃப்.-க்குத்தான். அதைக் கட்டாயம் ஒன்றாக்குங்கள்.

நான் சென்னையில் முதல் செக்யூரிட்டி கம்பெனியை விட்டபோது, கூட இருந்தவர்கள் எல்லாரும், "10சி போட்டு எடுத்துடுங்க சார், நமக்குத்தான் ராணுவ பென்ஷன் வருதே" என்றார்கள். 10சி என்பது பி.எஃப்.-ன் பென்ஷன் பங்கை மொத்தமாக எடுக்கப் போடும் படிவம். நான் எடுக்கவில்லை. இ.பி.எஃப்.-ல் சம்பளத்தின் 12 சதவீதத்தைக் கம்பெனி கட்டுகிறது; அந்த 12-ல் 8.33 பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. அதில் பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் மாத பென்ஷன். நடுவில் 10சி போட்டுப் பணத்தை வாங்கினால் அந்த சர்வீஸ் அழிந்துவிடும். அடுத்த கம்பெனியில் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். நம்மைப் போல நாற்பதில் வெளியே வருகிறவனுக்கு 58-க்குள் பத்து வருஷம் தாராளமாகக் கிடைக்கும். போதாததற்கு, ஐந்து வருஷம் முடியுமுன் பி.எஃப்.-ஐ எடுத்தால் வரியும் உண்டு. எடுக்காமல் கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டே வந்தால் பழைய சர்வீஸும் அந்த ஐந்து வருஷத்தில் சேரும்.

"அந்தப் பென்ஷன் எவ்வளவு வந்துவிடப் போகிறது?" என்று கீழே யாராவது கேட்பார்கள். பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளம் 15,000, சர்வீஸ் பத்து வருஷம் என்றால், பெருக்கி எழுபதால் வகுக்க மாதம் சுமார் 2,143 ரூபாய். சின்னத் தொகைதான். எங்கள் வீட்டு மாத்திரைச் செலவு அதில் அடங்கும். ராணுவ பென்ஷன் வாங்குவதால் இதற்குத் தடை இல்லை. நமக்குப் பிறகு மனைவி இரண்டு குடும்ப பென்ஷனையும் வாங்கலாம். இதைப் பலர் வீட்டில் சொல்வதே இல்லை.

கணக்கை மாற்றுவது சுலபமாக நடந்ததா என்றால், இல்லை. இரண்டாவது கம்பெனியில் பழைய யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) எழுதிக் கொடுத்தும் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பெயரும் இடித்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பேன் கார்டில் இனிஷியல் முன்னால். தமிழ்நாட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நானும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திடும் ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுத்து ஆதாரில் உள்ளபடி திருத்திய பிறகுதான் டிரான்ஸ்ஃபர் நகர்ந்தது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எக்ஸ் சர்வீஸ்மென் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்து எடுக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர டூட்டி, வார லீவு கேட்டால் முகம் சுளிப்பு, பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) குறைத்துக் காட்டி மிச்சத்தை அலவன்ஸ் என்று பிரித்து, பி.எஃப்.-லும் கை வைக்கிறார்கள். எல்லையில் நின்றவனை இப்படி நடத்தக் கூடாது. எல்லாக் கம்பெனியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. சேரும்போதே பேசிக் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஆடிட்டர் இல்லை, என் அனுபவத்தைச் சொல்கிறேன். பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதியாவிட்டால் கெஞ்ச வேண்டாம். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனதும் பி.எஃப். அலுவலகப் போர்ட்டலில் நீங்களே பதியலாம். அது முடிந்தபின் டிரான்ஸ்ஃபர் போடுங்கள், கையோடு மனைவி பெயரில் இ-நாமினேஷனும் (நமக்குப் பின் பணம் யாருக்கு என்று ஆன்லைனில் பதிவது).