துருவக் குளிரும் ஓசோன் துளையும்: கேள்வி பதில்

கே: ஓசோனை அழிக்கும் குளோரின் கொண்ட வாயுக்களான குளோரோஃபுளோரோகார்பன்களை அதிகம் வெளியிட்டது வட அரைக்கோளம். ஓசோன் படலம் மெலிந்துபோகும் துளை மட்டும் ஏன் அண்டார்டிகாவுக்கு மேல்?

ப: அந்த வாயுக்கள் சில ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். இடத்தைத் தீர்மானிப்பது குளிர். தென்துருவக் குளிர்காலத்தில் பலமான மேற்குக் காற்று வளையமாகச் சுற்றி உள்ளிருக்கும் காற்றை அடைத்துவைக்கிறது. அங்கே 15 முதல் 25 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 78 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்த மேகத் துகள்கள் உருவாகும். மைனஸ் 85க்கும் கீழே பனிக்கட்டித் துகள்கள்.

கே: குளிரில் வேதிவினை மந்தமாகத்தானே ஆகும்?

ப: வாயு நிலை வினைகள் பலவற்றுக்குச் சரி. இங்கே வினை நடப்பது துகளின் மேற்பரப்பில். வழக்கமாகக் குளோரின், ஹைட்ரஜன் குளோரைடாகவும் குளோரின் நைட்ரேட்டாகவும் முடங்கிக் கிடக்கும். இரண்டும் ஓசோனைத் தொடாது. துகளின் மேல் இவை வினைபுரிய, குளோரின் வாயு வெளியேறும்; நைட்ரிக் அமிலம் துகளிலேயே தங்கிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் வெயில் திரும்பியதும் அந்த வாயு அணுக்களாகப் பிளந்து ஓசோனை அழிக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் குளோரின் மோனாக்சைடு இரண்டிரண்டாகச் சேரும். அந்த இணை குளிரில்தான் நிலைக்கும். வெயில் பட்டு அது உடைந்தால் மறுபடி குளோரின் அணுக்கள்.

பலரும் விட்டுவிடும் ஒன்று: பெரிய துகள்கள் நைட்ரிக் அமிலத்தோடு கீழே இறங்கிவிடும். பிறகு குளோரினை மறுபடி கட்டிப்போட நைட்ரஜன் டைஆக்சைடு மிஞ்சாது. நீடித்த குளிர் செய்யும் பெரிய கெடுதல் இதுதான்.

கே: ஆர்க்டிக்கில்?

ப: அங்கே மலைகளும் நிலமும் கடலும் மாறிமாறி இருப்பதால் காற்றில் எழும் பேரலைகள் இந்தக் காற்று வளையத்தை, அதாவது சுழலை, அடிக்கடி குலைத்து வெப்பமூட்டுகின்றன. சுழல் கலையாமல் நின்ற 2011, 2020 வசந்தங்களில் அங்கும் பேரிழப்பு நேர்ந்தது.

கே: 2019இல் துளை சிறிதாக இருந்ததே, ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பலனா?

ப: இல்லை. அந்தச் செப்டம்பரில் ஓசோன் படலம் இருக்கும் வளிமண்டல அடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியர் திடீரென வெப்பமானது. 2002இல் துளை இரண்டாகப் பிளந்ததும் அப்படித்தான். அடுத்த ஆண்டே, 2020இல், மறுபடி பெரிய துளை.

கே: புவி வெப்பமானால் இந்தக் குளிர் குறையாதா?

ப: நேர்மாறு. கார்பன் டைஆக்சைடு கூடினால் ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிரும்.

கே: அப்படியானால் மீட்சியை எதை வைத்துப் பார்ப்பது?

ப: ஓர் ஆண்டின் பரப்பை மட்டும் பார்க்காதீர்கள். ஓசோன் 220 டாப்சன் அலகுக்குக் (ஓசோன் அளவைக் குறிக்கும் அலகு) கீழுள்ள பரப்பையும் 50 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்து (சுமார் 20 கி.மீ. உயரம்) வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல ஆண்டுகளின் செப்டம்பர் மாதங்களை ஒப்பிடுங்கள். அக்டோபருக்குப் பின் வானிலையின் கைதான் ஓங்கும்.