கன்றை இழந்த தார்பார்க்கர்

கேள்வி: ஐயா, வணக்கம். தாராபுரம் பக்கம் ஆறு ஏக்கர் வைத்திருக்கிறேன். அதில் மூன்று ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். இரண்டு மாதங்களுக்கு முன்பு தரகர் ஒருவர் மூலம் ராஜஸ்தானிலிருந்து இரண்டு தார்பார்க்கர் பசுக்களை வாங்கினேன். ஒன்று ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தினம் பதினான்கு லிட்டர் கறக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார். மூத்த பசு இங்கே வந்த பன்னிரண்டாம் நாள் ஈன்றது. அந்தக் கிடேரிக் கன்று பதினெட்டாம் நாள் கழிச்சலில் இறந்துவிட்டது. அதுவரை இரு வேளையும் சேர்த்து ஏழு லிட்டர் கொடுத்த மாடு, இப்போது மூன்று லிட்டருக்குமேல் விடாமல் உதைக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கலப்பின மாடு வைத்திருப்பவர், ஊசி போட்டால் இறங்கிவிடும் என்கிறார். இளைய பசுவுக்குக் கொம்பு பெரிதாக இருக்கிறது. அது அசல் தார்பார்க்கர்தானா? அடுத்த ஈத்துக்குக் கிர் என்னும் குஜராத் பால்மாட்டு இனத்தின் சினை ஊசி போட்டால் பால் கூடுமா? இளைய பசுவின் காளைக்கன்றுக்கும் பால் வீணாகிறது, விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் காளைக்கன்று உங்களுக்கு இப்போது மிகவும் தேவை. விற்காதீர்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஊசி. வேண்டவே வேண்டாம். பால் மடியில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது; அதைக் காம்புக்கு இறக்குவது ஆக்சிடோசின் என்னும் சுரப்பு. கன்று மடியில் முட்டும்போதும், அதன் வாடை மூக்கில் படும்போதும் மூளையிலிருந்து அது இரத்தத்தில் இறங்கி, சில நிமிடங்கள் மட்டுமே வேலை செய்யும். மாடு மிரண்டாலோ அடிபட்டாலோ அட்ரினலின் ஏறி அதை மறித்துவிடும். மேல்நாட்டு மாடுகளில், கன்றைப் பிரித்துக் கறந்தாலும் பால் விடுகிற மாடுகளாகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். நம் திமில் மாடுகளில் அந்தத் தேர்வு நடக்கவில்லை. அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் அனுபவம் உங்கள் மாட்டுக்குப் பொருந்தாது. ஊசி போட்டால் பால் இறங்கும், மறுக்கவில்லை. தினமும் போட்டுப் பழகிய மாடு அது இல்லாமல் இறக்காது; அப்புறம் வாழ்நாள் முழுக்க ஊசிதான். மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும்படி இவ்வாறு ஊசி போட்டுக் கறப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது இது. இளைய பசுவின் காளைக்கன்றை மூத்த பசுவிடம் கொண்டுபோங்கள். கன்றின் முதுகிலும் தலையிலும் வெல்லமும் உப்பும் கரைத்த நீரைத் தடவி, அதன்மேல் மூத்த பசுவின் பாலையே கொஞ்சம் பூசி, பசுவின் முகத்துக்கு நேராக நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று நாள் முட்டும், உதைக்கும். பின்னங்காலைக் கட்டி அடிக்க வேண்டாம். ஒருவர் முன்னால் நின்று தவிடும் பிண்ணாக்கும் காட்டட்டும். நாக்கை நீட்டி ஒரு முறை நக்கிவிட்டதென்றால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் ஒரு சிவலைப் பசுவுக்கு இப்படிக் கன்று இறந்தபோது, அம்மா அந்தக் கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தைத்துக் கொண்டுவந்து வைத்தார். கண்ணிருந்த இடத்தில் வெறும் தையல். பசு அதன் கழுத்தை நக்கி நக்கி, மூன்றாம் வாரத்தில் அந்த இடத்தில் மயிரே இல்லை. பால் மட்டும் குறையவில்லை. நீங்கள் கன்றைப் புதைத்திருப்பீர்கள், அந்த வழி போய்விட்டது. அதனால்தான் உயிரோடிருக்கும் கன்றை விற்காதீர்கள் என்கிறேன்.

கறப்பவரும் நேரமும் இடமும் மாறக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, இறங்கிய ஐந்தாறு நிமிடத்துக்குள் கறந்து முடியுங்கள். பழைய ஏழு லிட்டர் முழுதாகத் திரும்பும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். பால் தேங்கிய மடி சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் பழக்கிவிட்டால் ஐந்து, ஐந்தரைக்கு வர வாய்ப்புண்டு. அதற்கு முன்பாக, மடி வீக்கம் இல்லையா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்; வலியிருந்தாலும் மாடு உதைக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்குமேல் லாரியில் நின்று வந்த மாடுகள் என்பதால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். உண்ணியால் பரவும் காய்ச்சல்கள் இப்படிப்பட்ட அலைச்சலுக்குப் பிறகுதான் தலைதூக்கும்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். இந்த மாடு எதற்காக உருவானது?

தார் பாலைவனத்தின் தென்மேற்குப் பக்கம், இன்றைக்குப் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கும் தார்பார்க்கர் மாவட்டம்தான் இதற்குப் பெயர் கொடுத்தது. தாரி என்றும் வெள்ளைச் சிந்தி என்றும் வேறு பெயர்கள் உண்டு. 1947இல் எல்லைக்கோடு விழுந்தபோது பெயர் தந்த மாவட்டம் அந்தப் பக்கம் போயிற்று. ஜெய்சல்மேர், பார்மர், ஜோத்பூர், கட்ச் பகுதி மாடுகள் இந்தப் பக்கம் நின்றன. மழை ஒரு வருடம் பெய்யும், இரண்டு வருடம் பொய்க்கும் மண் அது. அங்கே ஒரு குடும்பத்துக்குப் பால் மாடு தனியாக, உழவு மாடு தனியாக வைத்துக்கொள்ளத் தீவனம் கிடையாது. பசு பால் தர வேண்டும், அதன் காளைக்கன்று ஏரும் வண்டியும் இழுக்க வேண்டும், இரண்டும் காய்ந்த புல்லைத் தின்றே செய்ய வேண்டும். முதல் உலகப் போரின்போது மேற்காசியாவிலிருந்த இராணுவ முகாம்களின் பால் தேவைக்கு இந்த மாடுகளைக் கொண்டுபோனார்கள். அரைவயிற்றுத் தீவனத்திலும் இவை கறந்ததைப் பார்த்த பிறகுதான் வெளியுலகம் இந்த இனத்தைக் கவனித்தது. பின்னாளில் கர்னாலிலுள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் ஹோல்ஸ்டீன் என்னும் மேல்நாட்டு இனக் காளையோடு சேர்த்துக் கரன் ஃபிரீஸ் மாட்டை உருவாக்கியபோது, தாயாக எடுத்துக்கொண்டதும் தார்பார்க்கரைத்தான்.

இதில் பதினான்கு லிட்டர் எங்கிருந்து வந்தது? நல்ல பராமரிப்பில் ஒரு கறவைக் காலத்துக்குச் சராசரி 1,700 முதல் 2,000 கிலோ. பத்து மாதத்துக்குப் பிரித்தால் தினம் ஆறு, ஆறரை லிட்டர். உங்கள் மூத்த பசு ஏழு கொடுத்தது. அது குறைப் பசு அல்ல, தம்பி, சரியான பசு. தேர்ந்த பண்ணை மாடு ஒன்று உச்சத்தில் ஓரிரு வாரம் கறப்பதைத் தினக்கறவை என்று விற்றிருக்கிறார்கள். இந்த வியாபாரத்தில் பெரும்பாலோர் செய்வது ஏமாற்று என்றே சொல்வேன். முதல் நாள் மாலை கறக்காமல் மடியைத் தேக்கிவைத்து, காலையில் இரண்டு வேளைப் பாலை ஒரு வேளையாகக் காட்டுவார்கள். நிறைசினை மாட்டை லாரியில் ஏற்றுவார்கள், ஏனென்றால் சினை மாட்டின் பாலை யாரும் அளந்து பார்க்க முடியாது. உங்களுக்கு நடந்தது அதுதான். இனி வாங்குவதாக இருந்தால் கன்றோடு நிற்கும் மாட்டை மட்டும் வாங்குங்கள். மாலையில் உங்கள் கண்முன் மடியை வற்றக் கறக்கச் சொல்லுங்கள், அந்தப் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கேயே தங்கி, மறுநாள் காலையும் மாலையும் உங்கள் கையால் அளந்து பாருங்கள். தங்க விடாத தரகரிடம் மாடு வாங்காதீர்கள்.

இளைய பசுவைப் பற்றி. தார்பார்க்கர் நடுத்தர உடல், வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் நிறம், குளிர்காலத்தில் சற்றுக் கறுக்கும். கொம்பு நடுத்தரம்தான், அகன்று வெளியே வளைந்து மேலேறும். காதைத் தூக்கி உட்புறம் பாருங்கள். மற்ற இடத்தில் தோல் கறுப்பாக இருந்தாலும் காதுக்குள்ளும் மடியிலும் மஞ்சள் ஓடும். நீங்கள் சொல்கிறபடி கொம்பு தடித்துப் பெரிதாக இருக்கிறதென்றால், அடிக்கொம்பைத் தடவுங்கள். தோல் கொம்பின்மேல் நெடுந்தூரம் ஏறியிருந்தால் வடகுஜராத்து இனமான காங்கிரேஜின் இரத்தம் கலந்திருக்கிறது. பார்மரும் வடகுஜராத்தும் அக்கம்பக்கம், கலப்பது இயல்பு. காங்கிரேஜும் பாலுக்கும் உழவுக்கும் ஆன இனம்தான். அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஆனால் அதன்மேல் கிர்ரையும் ஏற்றினால் அடுத்த கன்று என்னவாக வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தார்பார்க்கர் உறைவிந்தே வேண்டும் என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் எழுதிக் கேளுங்கள். கைவசம் இருப்பதைப் போட்டு அனுப்ப விடாதீர்கள்.

இப்போது காளைக்கன்று. பால் வீணாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்கு வருத்தம் தந்தது. இருபயன் இனம் என்று பெருமையாகச் சொல்லி வாங்குகிறோம். இரண்டாவது பயன் இந்தக் கன்றுதான். முதல் மாதம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 250 லிட்டர். இதை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான்கு காம்பையும் வற்றக் கறந்துவிட்டு வெறும் மடியில் கன்றை விடுகிறவர்களை எத்தனையோ கட்டுத்தரைகளில் பார்த்திருக்கிறேன். வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, மண்ணை நக்கிக்கொண்டு நிற்கும் கன்றுகள். அவற்றில் பல மூன்றாம் மாதத்தைத் தாண்டுவதில்லை. கன்று போனதும் தாயும் வற்றும், பிறகு தரகர் மறுபடி வருவார். ஜெய்சல்மேர் பக்கம் ஒரு மூதாட்டி கறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கன்றைத் தாயின் முன்னங்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஒரு பக்கத்து இரண்டு காம்பை மட்டும் கறந்தார். மறுபக்கம் கன்றுக்கு. எந்தக் கன்றுக்கும் விலா எலும்பு தெரியவில்லை.

நீங்களும் இளைய பசுவில் இரண்டு காம்பைக் கன்றுக்கு விடுங்கள். மூத்த பசுவிடம் இறக்கிவிடும் அளவுக்கு ஊட்டினால் போதும். பிறந்த பத்து நாளில் குடற்புழு மருந்து கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுக்காவிட்டால் நாளையே மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள், ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை தொடருங்கள். இறந்த கிடேரியின் கழிச்சலுக்கும் புழு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தீவனத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல அவசியமில்லை. கட்டிப்போட்டு மூட்டைத் தீவனமாகக் கொட்டாமல், கொறங்காட்டில் மேய விடுங்கள். அங்கே நிற்கும் கொழுக்கட்டைப் புல் தார் நிலத்திலும் மேய்ச்சல் புல்தான், தாமன் என்பார்கள். லாரியிலிருந்து இறங்கியதிலிருந்து உங்கள் மாடுகளுக்கு இந்த ஊரில் பழகிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். கன்றையும் கூடவே அனுப்புங்கள், வெயில் ஏறும் முன் திருப்பிக் கொண்டுவாருங்கள்.