முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. பல ஆண்டுகளாக ஓடுகிறேன். முட்டியில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்ததால், பின்தொடைத் தசைநாரை எடுத்துப் பொருத்தினார்கள். நான்கு மாதங்கள் ஆகின்றன. மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அடுத்தடுத்து இரண்டு நாள் அரை மணி நேரம் ஓடினேன். மூன்றாம் நாள் முட்டி வீங்கிவிட்டது. மெனிஸ்கஸில், அதாவது முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் தோழி இரண்டே மாதத்தில் ஓடுகிறாள். பொருத்திய ஜவ்வு அறுந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஓட்டத்தையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆனால் வீக்கம் முழுதாக வடியும்வரை ஓடாதீர்கள்.

ஜவ்வு மறுபடி அறுந்தால் பெரும்பாலும் கால் திருகிய ஒரு கணம் நினைவில் இருக்கும். சில மணி நேரத்திலேயே முட்டி வீங்கும், நடக்கும்போது நழுவும். அப்படி எதுவும் இல்லையென்றால், மூட்டு தாங்குவதைவிட அதிக வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. எதற்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். முட்டி நழுவினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

தோழியின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மெனிஸ்கஸின் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தவர்கள் சீக்கிரம் ஓடலாம். அதையே தைத்திருந்தால் அவரும் மாதக்கணக்கில் காத்திருப்பார். உங்கள் முட்டியில் இருப்பதோ தொடையிலிருந்து வந்த தசைநார். அது முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, புதிய ரத்த ஓட்டம் பெற்று, அதன் பிறகே ஜவ்வாக உறுதிப்படும். வெளியே வலியே தெரியாத நாட்களிலும் உள்ளே இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். 'நான்கு மாதம் ஆகிவிட்டதே' என்ற எண்ணம்தான் பலரை அவசரப்படுத்துகிறது.

வீக்கத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை முன்தொடைத் தசை முழு பலத்துடன் இயங்காது. நரம்புகளே அதைத் தடுத்துவிடும். இயங்காத தசை இளைக்கும். இளைத்த தசையால் அதிர்வை வாங்கிக்கொள்ள முடியாது, அது மூட்டில் இறங்கும், மறுபடியும் நீர் கோக்கும். இந்தச் சுழலில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

காலையில் படுக்கையில் காலை நீட்டிக்கொண்டு, முட்டிச் சில்லின் உட்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை நீவுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக நீவுங்கள். உட்பக்கப் பள்ளம் மெல்ல உப்பி வந்தால் நீர் இன்னும் இருக்கிறது. நன்றாக இருக்கும் முட்டியிலும் இப்படியே செய்து பாருங்கள், வித்தியாசம் புரியும்.

பள்ளம் உப்பாமல், முட்டி முழுதாக நீண்டு, அரை மணி நேர வேக நடையை வலியின்றி முடித்தால் அடுத்த கட்டம். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் அறுவை நடந்த காலால் மட்டும் பத்து முறை எழுந்து உட்காருங்கள். முட்டி உட்பக்கமாகச் சாய்ந்தாலோ உடல் ஆடினாலோ தொடைக்கு இன்னும் பயிற்சி தேவை. பிசியோதெரபிஸ்ட் இரு கால்களின் பலத்தையும் கருவியால் அளந்து சொன்னால் இன்னும் நல்லது. மற்ற காலின் பலத்தில் 80 சதவீதமாவது வரட்டும்.

அதன் பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறேழு சுற்று, சமதளத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டுகளைச் சிறிதாக, அடுத்தடுத்து வையுங்கள். முட்டியில் விழும் சுமை குறையும். மறுநாள் காலையில் முட்டியை நீவிப் பார்க்காமல் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். ஓடாத நாளில் தொடைக்கும் இடுப்புக்கும் பலப்பயிற்சி. இது சலிப்பான வேலைதான், ஆனால் உங்களை மறுபடி ஓட வைக்கப்போவது இதுதான்.

பந்து விளையாட்டுகளும், சட்டென்று திரும்ப வேண்டிய எதுவும் அறுவை முடிந்து 9 மாதங்கள் ஆகும்வரை வேண்டாம். அப்போதும் இரு கால்களும் ஏறக்குறைய சம பலத்துக்கு வந்திருந்தால் மட்டுமே இறங்குங்கள்.