'வாட்ச்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் கடிகாரம், காவல், பார்ப்பது என மூன்றையும் குறிப்பது ஏன்?

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். "நேத்து ராத்திரி ஏன்டா போன் எடுக்கல?" என்று அம்மா கேட்டால் "வாட்ச்ல இருந்தேம்மா" என்பேன். கையில் கட்டும் வாட்ச் இல்லை. நள்ளிரவு 12 முதல் 4 வரை பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் நின்று கப்பலைப் பார்த்துக்கொள்ளும் முறைக்காவல். நீங்கள் கேட்ட மூன்று பொருளும் என் ஒரே ராத்திரிக்குள் இருக்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு விழித்திருப்பது என்றுதான் பொருள். எழுவதைச் சொல்லும் 'வேக்' இதோடு கூடப்பிறந்தது. தூங்காமல் இருந்தவர்கள்தான் ஊரைக் காத்தார்கள், அப்படிக் காவல் என்ற பொருள் வந்தது. நம் தெருமுனை வாட்ச்மேன் அந்த வழி வந்தவர். காவலுக்கு நிற்பவர் சும்மா பார்ப்பதில்லை, அடுத்து என்ன நடக்கும் என்று கண்ணெடுக்காமல் பார்க்கிறார். அதனால்தான் கிரிக்கெட் மேட்சை 'வாட்ச்' பண்ணுவார்கள், போட்டோவை 'லுக்' பண்ணுவார்கள். போட்டோவில் அடுத்து நடக்க ஒன்றும் இல்லையே.

கடிகாரமும் இதே வேர்தான். 15ஆம் நூற்றாண்டில் தூங்குகிறவரை எழுப்பும் கடிகாரத்துக்கு இந்தப் பெயர் இருந்தது. கையடக்கக் கடிகாரத்துக்கு அது வந்து ஒட்டியது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். கடலோடிகளுக்கு அந்தக் கையடக்கக் கடிகாரம் உயிர்காத்த பொருள். ஆங்கிலேயக் கடிகாரத் தொழிலாளி ஜான் ஹாரிசன் கடலுக்கென்று 1759இல் செய்து முடித்த கடிகாரம் சுமார் 13 செ.மீ. அகலத்தில் பெரிய பாக்கெட் வாட்ச் போலத்தான் இருக்கும். 1761இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறி, 81 நாளில் வெறும் 5 விநாடி பின்தங்கியது. கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதை, அதாவது தீர்க்கரேகையை, நேரத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். நேரம் 4 நிமிடம் தப்பினால் தீர்க்கரேகையில் ஒரு டிகிரி தப்பும். பூமத்திய ரேகையில் அது 111 கி.மீ. பாறை எங்கே, நாம் எங்கே என்று தெரியாமல் போய்விடும்.

ராத்திரியைக் காவல் முறைகளாகப் பிரித்து, அந்தப் பகுதியையும் 'வாட்ச்' என்றே அழைத்தார்கள். நமக்கு அது சாமம். ஆங்கில பைபிளில் இயேசு கடல்மேல் நடந்து வருவது இரவின் நாலாம் 'வாட்ச்'. தமிழில் அதே இடத்தில் 'நாலாம் ஜாமம்' என்று இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றவில்லை.

வானிலை மையம் மஞ்சள் நிறத்தில் 'வாட்ச்' என்று போடுகிறதே, அதுவும் இதே குடும்பம். ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கவனித்துக்கொண்டே இரு என்று அர்த்தம்.

இன்றும் கப்பலில் வாட்ச் பெரும்பாலும் நாலு மணி நேரம்தான். 11.45க்கே பிரிட்ஜுக்கு ஏறிவிடுவேன். உள்ளே கும்மிருட்டு. ரேடார் திரையைக்கூட மங்கலாக்கி வைத்திருப்பார்கள், கடல் வரைபடம் விரிக்கும் சார்ட் மேசையைச் சுற்றித் திரை போட்டிருக்கும். போனவுடன் பொறுப்பை வாங்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகும்வரை ஜன்னலோரம் பேசாமல் நிற்க வேண்டும். முதலில் கறுப்பு மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுவானம் பிரியும், அப்புறம் தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு. அது கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வரும். எந்தத் திசையில் போகிறோம், என்ன வேகம், பக்கத்தில் எந்தக் கப்பல் என்று எனக்கு முன் வாட்சில் இருந்த தேர்ட் ஆபீசர் வரிசையாகச் சொல்லி முடித்ததும் "ஐ ஹாவ் த வாட்ச்" என்பேன். அந்த நிமிடம் முதல் கீழே தூங்குகிற அத்தனை பேரும் என் பொறுப்பு.

பிரிட்ஜில் ஓர் அலாரம் உண்டு. அதிகபட்சம் 12 நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு மின்னும், பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் முதலில் பிரிட்ஜிலேயே அலறும். அதற்கும் அசையாவிட்டால் கீழே கேப்டன் அறையில் அலறும். அதன் பெயரிலும் 'வாட்ச்' இருக்கிறது. அது என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: முழித்திருக்கிறாயா?